பெரியம்மா செய்த போணி

எங்கள் குடும்பத்தில் கைராசிக்காரர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பது ஒரே ஒருவரைத்தான். அவர் என் மாமியாரின் அக்கா. என் கணவருக்குப் பெரியம்மா, அதனால் எனக்கும் பெரியம்மா. அவர் நட்டால் காய்க்காத செடியும் காய்க்கும், அவர் பேனா கொடுத்தால் படிக்காத பிள்ளையும் பாஸாகும் என்பார்கள். ஆதாரம் கேட்டால், அவர் பிரான்சில் இருக்கிறார் என்பதுதான் ஆதாரம். பெரியப்பா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்தவர். குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது, பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் அங்கேயே வேலை பார்க்கிறார்கள். இது கைராசியா பாஸ்போர்ட் ராசியா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புதுச்சேரியில் அந்த மாதிரிச் சந்தேகத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

நான் சுடுமண் நகை செய்ய ஆரம்பித்தபோது, போணி யார் கையால் ஆக வேண்டும் என்ற கேள்வி வீட்டில் எழவே இல்லை. போணி என்றால் பெரியம்மாதான்.

அதற்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த நேரத்தைவிட, கெட்டுப்போன பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அதிகம். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தபடி போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே களிமண்ணைப் பிசைவாள், அடுத்த காட்சியில் கையில் ஜிமிக்கி இருக்கும். நடுவில் என்ன நடக்கும் என்பதை நெல்லித்தோப்பில் எங்கள் மொட்டை மாடியில்தான் தெரிந்துகொண்டேன். மண்ணில் ஒரு பொட்டுக் காற்று இருந்தாலும் சூளையில் பட்டென்று வெடிக்கும். வெயிலில் காயவைத்தால் விரிசல் விடும். ஓட்டை போட மறந்தால் அது தோடு இல்லை, வெறும் சில்லு. பழைய பெயிண்ட் டப்பாதான் என் சூளை. உமியும் வரட்டியும் போட்டு மூட்டம் போடுவேன். புகை நேராக அத்தையின் வற்றல் மேல் போகும். அத்தை என்று நான் சொல்வது மாமியாரை.

மாடியின் பாதி அத்தையுடையது. மோர்மிளகாய், கத்திரி வற்றல், கூழ் வடகம் என்று வருஷம் பூராவும் அங்கே ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். மீதிப் பாதியில் என் மண். யாராவது போன் செய்து என்னைக் கேட்டால் அத்தை சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"அவ மேல மண்ணு வெளையாடிட்டு இருக்கா."

எனக்கு அந்த வார்த்தைதான் தைத்தது. பிரிண்டரைத் தட்டியபோது அது வேலை. காலையில் உட்கார்ந்தால் முதுகு மரத்துப்போகும் வரைக்கும் ஊசி முனையில் பூ வரைந்தால் அது விளையாட்டு. பெரிய கடை வைக்க வேண்டும், ஊர் மெச்ச வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவையாவது அதை வேலை என்று நினைத்தால் போதும் என்றிருந்தேன். அந்த ஆள் என் கணவராக இருந்தால் பிரயோஜனமில்லை. அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். உப்பில்லாத குழம்பையும் அப்படித்தான் சொல்வார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா வந்து இறங்கினார். அத்தையே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, புது பெட்ஷீட் விரித்து, "எல்லாத்தையும் எடுத்தாந்து வை, அக்கா கையால போணி ஆவட்டும்" என்றார். நான் ஒவ்வொன்றிலும் விலை எழுதிய சின்னச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ரொம்ப அழகு என்பதைப் பிரெஞ்சில் "த்ரே ஜோலி, த்ரே ஜோலி" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். எடுத்ததையெல்லாம் ஒரு பையில் போட்டார். சீட்டுகள் கையில் சிக்கியதால், ஒவ்வொன்றாகப் பிய்த்து மேஜையில் வைத்துவிட்டுப் போட்டார்.

"அங்க பக்கத்து வூட்டு லேடீஸுக்குக் குடுக்கறதுக்கு ஆச்சு. மெர்சி மா" என்று என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

போணி ஆகிவிட்டது. கல்லாவில் விழுந்தது இரண்டு முத்தம்.

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. அக்காவை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு சூளையில் எது வெடித்தாலும், மழை வந்து எது கரைந்தாலும், "போணியே ஓசியில போச்சு, அப்புறம் எங்கேந்து வெளங்கும்" என்று வற்றலைப் பார்த்து முணுமுணுப்பார். கைராசிக்காரர் கைமேலேயே வந்த பழி அது ஒன்றுதான்.

பெரியம்மா திறந்துவைத்த வாசல் வழியாகச் சொந்தம் முழுதும் உள்ளே வந்தது. சர்ச்சில் புதுநன்மை வாங்கும் பெண்ணுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு செட், கல்யாணத்துக்குப் பச்சையில் ஒரு செட், "சும்மா ஆபீஸுக்குப் போட்டுக்க" இரண்டு ஜோடி. எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. வீட்டுப் பெண் செய்ததற்கு விலை கேட்டால் அது பெரிய அவமரியாதையாம். நாத்தனார் முறை ஒருத்தி, கீழே போட்டு உடைத்த ஜிமிக்கியைக் கொண்டுவந்து, "இது ஸ்ட்ராங்கா இல்ல, வேற குடு" என்றாள். ஓசியில் வாங்கியதற்கு வாரண்டி கேட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பார்கள். எங்கள் வீட்டில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே போய்விடுவார்கள்.

ஆகவே நான் வெளியூர் மாடாகலாம் என்று பார்த்தேன். ஒரு டப்பாவில் நல்லதாகப் பொறுக்கிப் போட்டு, ஸ்கூட்டரில் பிரெஞ்சுத் தெருக்கள் பக்கம் போனேன். அங்கே மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூ, உள்ளே விளக்கே போடாத மாதிரி விளக்கு என்று ஒரு கடை. கடையம்மா சென்னைக்காரர். கைத்தறிப் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை, காலில் செருப்பும் இல்லை. என் நகைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"உங்க ஸ்டோரி என்ன?" என்றார்.

"பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எட்." என்றேன்.

"நோ நோ, ஸ்டோரி. நான் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்."

வந்தார். வந்தவர் பார்த்ததெல்லாம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஹாலில் வாஷிங் மெஷின், சீரியல் பல்பு சுற்றிய திரு இருதய ஆண்டவர் படம், போன கிறிஸ்துமஸுக்கு அடித்த பிஸ்தா பச்சை பெயிண்ட். சுவரைத் தடவி, "பழைய சுவர் அப்படியே இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்" என்று வருத்தப்பட்டார். நாங்கள் அந்த ஓதம் பிடித்த சுவரை நினைத்து வருத்தப்பட்ட காலம் அவருக்குத் தெரியாது. என்னிடம் மெதுவாக, "லைஃப்ல ஏதாவது ஸ்ட்ரகிள்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அத்தை காபித் தம்ளரோடு என் பின்னால் வந்து நின்றதால் நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் கையை மட்டும் போட்டோ எடுப்பது என்று முடிவாயிற்று. நகப்பூச்சை அழிக்கச் சொன்னார். வாட்ச்சைக் கழற்றச் சொன்னார். மண்ணை இன்னும் கொஞ்சம் பூசிக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கடையில் போய்ப் பார்த்தேன். என் ஜிமிக்கிகள் சணல் நூல் கட்டிய பெட்டியில் இருந்தன. கூடவே ஒரு அட்டை, இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும். ஊருக்கு வடக்கே கடலோரக் கிராமத்து ஏழை மீனவப் பெண்கள், வலை பின்னிய விரல்களால், அலையோசை கேட்டுக்கொண்டே, கடற்கரை மண்ணில் வனைந்த நகைகள் இவை என்று எழுதியிருந்தது. மேலே என் கை.

கடற்கரை மணலில் ஜிமிக்கி செய்ய முடிந்தால் உலகத்தில் எல்லோரும் செய்துவிடுவார்கள். எனக்கு மண் வருவது வில்லியனூர் பக்கமிருந்து, சிமெண்ட் மூட்டையில். அலையோசை எங்கே, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓசைதான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, அட்டை சொல்லும் அதே வடக்குக் கடலோரத்தில் பிள்ளைச்சாவடிக்காரர்தான். அவர் கழுத்துச் சங்கிலி என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். அவரிடம் அட்டையின் விஷயத்தைச் சொன்னேன். "மண்ணக் காதுல மாட்டிக்கற அளவுக்கு எங்களுக்கு இன்னாமா கேடு வந்துச்சு?" என்று கேட்டு, கோபத்தில் அன்றைக்கு ஒரு வவ்வால் மீன்கூட விலை குறைக்கவில்லை.

எனக்கும் கோபம்தான். "நெல்லித்தோப்புன்னு போட்டா என்ன மேடம்?" என்று கேட்டேன். "நெல்லித்தோப்பு ஒரு ஸ்டோரி இல்லையே" என்றார் கடையம்மா. செய்பவர் யார் என்று நான் வெளியே சொல்லக் கூடாது, அதுதான் அவர் போட்ட நிபந்தனை. சரி என்றேன். கையில் காசு கொடுத்து, மறுபடியும் கேட்ட ஒரே இடம் அதுதான். வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஓசி, மீனவப் பெண்ணாக இருந்தால் காசு என்றால், மீனவப் பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். அட்டையின் விஷயம் வீட்டில் கணவருக்கு மட்டும் தெரியும். நன்றாக இருக்கிறது என்றார்.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. பெரியம்மாவும் வந்தார். அவருக்கு ஊருக்கு வந்ததும் ஒரு சாயங்காலம் பிரெஞ்சுத் தெருக்களில் நடந்தாக வேண்டும். அங்கே போய் க்ரோசான் சாப்பிட்டுவிட்டு, அது பாரிஸ் மாதிரி இல்லை என்று சொன்னால்தான் அவருக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். அப்படி நடந்தபோது அந்த மஞ்சள் சுவர்க் கடைக்குள்ளும் போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிரியாணி முடிந்து, கேக் வெட்டி, எல்லோருக்கும் பரிசு கொடுத்துக்கொண்டு வந்தார். அத்தைக்கு ஒரு சால்வை, என் கணவருக்கு ஒரு சென்ட். எனக்கு ஒரு பெட்டி. சணல் நூல் கட்டியிருந்தது.

நூலைப் பார்த்தபோதே எந்தக் கடை என்று தெரிந்துவிட்டது. திறந்தால், உள்ளே நீலத்தில் மீன் வரைந்த ஜிமிக்கி. போன மாதம் நான் செய்தது. அந்த நீலம் சரியாக வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைச் சுட்ட புகை படிந்துதான் அத்தையின் கத்திரி வற்றல் ஒரு தட்டு வீணாய்ப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தையும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வற்றலுக்குப் பக்கத்தில் அது காய்ந்துகிடந்ததை அவரும்தான் தினம் பார்த்தார்.

பெரியம்மா அட்டையைப் பிரெஞ்சில் படித்து, தமிழில் விளக்கினார். "பாவம், மீன் புடிக்கிற ஏழைப் பொம்பளைங்க. படிப்பு கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆனா கையப் பாரு, என்னா கை. நீயும் செய்யற, இல்லேங்கல. ஆனா இதுல ஒரு ஃபினிஷிங் இருக்கு பாத்தியா? இத வெச்சுக்கிட்டுக் கத்துக்க."

பரிசு கொடுத்தால் உடனே போட்டுக் காட்ட வேண்டும், அது எங்கள் குடும்ப வழக்கம். போட்டுக்கொண்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் கணவரும் வழக்கம்போல அதையே சொன்னார். அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியம்மா, இது நான் செஞ்சது" என்றேன்.

சிரித்தார். நான் மாடிக்குப் போய், அதே நீலத்தில் பாதி தீட்டிய நான்கைந்து ஜோடியைத் தட்டோடு கொண்டுவந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் இருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். நகப்பூச்சு மட்டும்தான் வித்தியாசம். பெரியம்மா சிரிப்பதை நிறுத்தினார். இப்போது பெருமைப்படுவார், ஒரு முத்தமாவது கொடுப்பார் என்று நினைத்தேன். எனக்கு இவ்வளவு வயதாகியும் குடும்பம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

"நம்ம வூட்டுப் பொண்ணு செஞ்சதுக்கா நான் அவ்ளோ காசு குடுத்தேன்?" என்றார். வீட்டில் திருட்டுப் போனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். "ஏமாத்திட்டாங்க. உன்கிட்ட கேட்டிருந்தா நீ சும்மாவே குடுத்திருப்பியே."

"குடுத்திருப்பேன்" என்றேன். அதுதான் கஷ்டமே.

அட்டையில் இருந்த ஏழைப் பெண் செய்திருந்தால் அந்த விலை தர்மம். பி.எட். படித்த வீட்டு மருமகள் செய்ததால் அதே விலை கொள்ளை. ஜிமிக்கி அதேதான், நீலமும் அதேதான். மறுநாள் காலையில் பெரியம்மா என் காதிலிருந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் அதுவரை இல்லை. கடையில் பிரெஞ்சில் பத்து நிமிஷம், தமிழில் பத்து நிமிஷம் சத்தம் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருஷம் தாமதமாகவாவது அவர் கையால் ஆன போணி அதுதான். அதையும் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் கடையம்மா போன் செய்தார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எரிச்சல். "நீங்க ஸ்டோரிய உடைச்சிட்டீங்க. அங்க கஸ்டமர்ஸ் எல்லாரும் அந்தச் சண்டையக் கேட்டுட்டு இருந்தாங்க. இனிமே நமக்கு செட் ஆகாது." மீதி இருந்த பெட்டிகளை ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பெரியம்மா கழற்றி வாங்கிய ஜோடியும் அதில் திரும்பி வந்தது.

பெரியம்மா விமானம் ஏறும் வரைக்கும் நான் மாடிக்குப் போகவில்லை. அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை, சமையலறையில் நின்று நன்றாக அழுதேன். கடை போனதுகூட இரண்டாம்பட்சம். இனிமேல் நான் மாடியேறினால் அது உண்மையிலேயே மண் விளையாட்டுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது. அத்தை போணி பற்றிக்கூட முணுமுணுக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

என் அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவரைக் கண்டால் கடைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சொன்ன விலைக்கு அவர் ஒரு பொருளும் வாங்கியதில்லை. பிடிக்காத கடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பேரம் பேசுகிறார் என்றால் வாங்கப்போகிறார் என்று அர்த்தம். குறை சொல்வார், பாதி விலைக்குக் கேட்பார், கொடுக்காவிட்டால் நடந்துவிடுவார், கடைக்காரர் கூப்பிடுவார். கட்டைப்பையைச் சுமந்துகொண்டு பின்னால் போய்ப் போய் எனக்கு எல்லாம் மனப்பாடம். சொந்தக்காரர்களிடம் மட்டும் அவர் பேரம் பேச மாட்டார். சொந்தக்காரர்களிடம் எதற்குப் பேரம், சும்மா எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், டப்பாக்களை ஏறக்கட்டிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். திரும்பி வந்த நகைகளைத் துணியில் பரப்பி, எதை யாருக்குக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வடகம் திருப்ப வந்தார். திருப்பி முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். நீல ஜிமிக்கியை எடுத்தார்.

"இது இன்னா வெல?"

"எடுத்துக்குங்க அத்தை" என்றேன்.

"எடுத்துக்க வரல. வெலயச் சொல்லு."

சொன்னேன். பெட்டியில் கடையம்மா போட்ட விலையை அல்ல, நான் போட்ட விலையை.

"இம்மாம் வெலயா? மண்ணுதான இது? கொக்கி துருப்புடிக்கும் போல இருக்கே. இங்க பாரு, மீனுக்கு ஒரு கண்ணு பெருசா இருக்கு." கொஞ்ச நேரம் தள்ளி வைத்துப் பார்த்தார். "பாதிக்குக் குடு."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

"கட்டாது அத்தை" என்றேன்.

"கட்டாதுன்னா வுடு" என்று துணியில் வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தார். நான் கூப்பிடவில்லை. முதலில் கூப்பிடுகிறவர் தோற்றவர் என்று அவர் பின்னால் நடந்தே கற்றுக்கொண்டவள் நான். படிக்கட்டு வரை போய் நின்றார். வடகத்தில் காக்கா வருகிறதா என்று பார்க்கிற மாதிரி திரும்பினார். திரும்பி வந்தார்.

"சரி, கொஞ்சம் கொறச்சுக்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போட்டுக்கறதுக்கு. அப்புடியே ஒரு போட்டோ புடிச்சு குடும்ப குரூப்புல போடு. அக்கா பாக்கட்டும்."

கொஞ்சம் குறைத்தேன். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அந்த நோட்டாலேயே நெற்றியில் சிலுவை போட்டு, சந்தையில் முதல் காசு வாங்கும் எல்லோரும் செய்கிற மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அத்தை அதைப் பார்க்காத மாதிரி, துணியில் இருந்த மற்றவற்றை விரலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சின்ன சிவப்புத் தோட்டை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது கொசுறு" என்றார்.

கொசுறு கொடுத்தேன்.